நட்டமா, குற்றமா?

குலசேகரன்பட்டினத்தில் குளிர் உண்டா என்று கேட்டால் ஊரார் சிரிப்பார்கள். முன்னே கடல், பின்னே தேரி மணல், நடுவே பனைக்கூட்டம். மார்கழியின் பின்னிரவிலும் அங்கே வெப்பநிலை பெரும்பாலும் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கம்பளி என்பது ஹஜ்ஜுக்கோ வடநாட்டுக்கோ போய் வந்தவர் பெட்டியடியில் கிடக்கும் ஒரு பொருள், அவ்வளவே. அப்படிப்பட்ட ஊரில் இரண்டாயிரம் கோழிக்குஞ்சுகளில் நூற்றெழுபது ஓரிரவில் குளிரால் மாண்டன என்று ஒருவர் நம்மிடம் வந்து சொன்னபோது, நாமும் முதலில் நம்பவில்லை.

அவர் வளைகுடாவில் இருபதாண்டு உழைத்து ஊர் திரும்பியவர். உடன்குடிச் சாலையோரம் தமக்குரிய மணற்காட்டில் ஒரு கொட்டகை போட்டு, ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கறிக்கோழி வளர்க்கத் தொடங்கியிருந்தார். குஞ்சுகள் இறங்கிய நான்காம் இரவு. கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இரவு ஒரு மணிக்கு மின்சாரம் போயிற்று. குஞ்சுகளுக்கு மேலே எரிந்த விளக்குகள் அணைந்தன. மூலையில் கரிச்சட்டிகள் இருந்தன, அவர் பற்றவைக்கவில்லை. கடற்புறத்துச் சாக்குப் படுதாவும் சுருட்டியே கிடந்தது. காற்று நல்லதுதானே என்று விட்டிருந்தார். வாடை உள்ளே புகுந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது, ஒரு மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு குன்று. மேலே இருந்தவை நடுங்கிக்கொண்டிருந்தன. சூடு தேடி முதலில் ஒண்டியவைதாம் அடியில் நசுங்கி மூச்சுமுட்டிக் கிடந்தன.

"நமக்கே போர்வை வேண்டாத ஊருல கோழிக்கு என்ன குளிருன்னு நெனச்சிட்டேன் காக்கா" என்றார். பிறகு சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசு போனது போகட்டும். இது நட்டமா, குத்தமா? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. நட்டம் என்றால் கணக்கில் எழுதி மூடிவிடலாம். குற்றம் என்றால் யாருக்கு எதிரான குற்றம்? நாற்பதாம் நாள் அறுபடப் பிறந்த ஓருயிர் நான்காம் நாள் செத்துப்போனால், அதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

முதலில் அந்தக் குஞ்சு எது என்பதை அறிய வேண்டும். நம் வீடுகளின் பின்கட்டில் பஞ்சாரத்தில் அடைந்து வளர்ந்த நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு ஒரு தாய் இருந்தது. இருபத்தொரு நாள் அடைகாத்து, பொரித்தபின்னும் வாரக்கணக்கில் அது தன் சிறகுக்குள்ளே குஞ்சுகளை வைத்துக்கொண்டது. மழைத்தூறல் விழுந்தால் ஒரு குறிப்பான கொக்கரிப்பு. அத்தனையும் ஓடிவந்து வயிற்றடியில் மறையும். நம் உம்மாமார் அதற்கு ஒரு கைப்பிடி நொய் போட்டதல்லாமல் வேறென்ன செய்தார்கள்? வேலை முழுவதையும் கோழியே பார்த்துக்கொண்டது.

கறிக்கோழிக் குஞ்சுக்குத் தாய் இல்லை. பொறியில் பொரித்து, பெட்டியில் அடுக்கி, வண்டியேற்றி அனுப்பப்படுகிற ஏறத்தாழ நாற்பது கிராம் உயிர் அது. வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சட்கருவே அதற்கு இரண்டு மூன்று நாள் உணவாகிறது. அந்த இறையருட் கொடையைத்தான் நாம் போக்குவரத்து வசதியாக்கிக்கொண்டோம். அதன் மேலிருப்பது பஞ்சுபோன்ற மென்தூவி, இறகு அன்று. தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு முதல் இரண்டு வாரங்களுக்கு முழுமையாக வருவதில்லை. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் விளக்கு என்பது பண்ணைக்காரர்களின் கணக்கு. தகட்டு வளையத்துக்குள் உமியையோ தென்னை நார்க்கழிவையோ பரப்பி, விளக்கைத் தாழக் கட்டிவிட்டு, வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும். விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர்கிறது. விளகியோடி வாய்திறந்து இளைத்தால் வெந்துபோகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவித் தின்று திரிந்தால் சரி. எந்தக் கருவியையும்விட இது பிழையற்ற அளவு.

ஆக, நமக்கு இதமான 24 டிகிரி, நான்கு நாள் குஞ்சுக்கு எட்டு டிகிரிக்குக் குறையாத பற்றாக்குறை. நமக்குக் குளிரவில்லை என்பதால் அதற்கும் குளிராது என்று அவர் எண்ணினார். இந்தப் பிழை கோழிக் கொட்டகையில் மட்டும் நேர்கிற ஒன்றா? தம் பசியை வைத்து வேலைக்காரியின் பசியையும், தம் உறக்கத்தை வைத்து நோயாளியின் இரவையும் அளப்பவர்களை நாம் அறிவோம். தன்னைக்கொண்டு பிறர்க்கு அளப்பது நல்லது என்றே நீதி நூல்கள் சொல்லும். ஆனால் பிறவுயிரின் உடம்பு நம்முடையதைப் போன்றதன்று என்னும்போது அந்த அளவுகோலே கொடுமையாகிவிடுகிறது. அங்கே அதனைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். இரக்கத்தைவிட முந்தியது கவனம்.

"கொல்லத்தானே வளர்க்கிறோம், அப்புறம் என்ன இரக்கம்?" என்று சிலர் கேட்பதுண்டு. இதனை நாத்திகர் ஒருவர் கேட்டால் அவர்க்கு வேறு விடை சொல்லலாம். முஸ்லிம் ஒருவர் கேட்கும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது. ஆட்டைக் கிடத்தி வைத்துக்கொண்டு அதன் கண்முன்னே கத்தி தீட்டிய மனிதரை, அதனை இருமுறை கொல்ல விரும்புகிறீரா என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) கடிந்துகொண்ட செய்தியைச் சிறுபிள்ளைகளும் மதரஸாவில் கேட்டிருக்கிறார்கள். சாகப்போகிற ஆடு அது. இன்னும் சில நொடிகளே அதன் ஆயுள். அந்தச் சில நொடிகளுக்கும் ஒரு கண்ணியம் உண்டு என்றால், நாற்பது நாட்களுக்கு இல்லாமல் போகுமா?

இன்னொரு செய்தி அபூதாவூதில் இருக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக வருவது. பயணமொன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து தலைக்கு மேலே சிறகை விரித்துத் தவித்தது. பெருமானார் (ஸல்) திரும்பி வந்து அதனைக் கண்டதும், இதன் பிள்ளைகளை எடுத்து இதை வருத்தியவர் யார் என்று விசாரித்து, திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு எண்ணம் வருவதுண்டு. இன்றைய குஞ்சுப் பொரிப்பகத்தில் சிறகு விரித்துத் தவிக்க ஒரு தாயும் இல்லை. திருப்பிக் கொடுக்க ஓர் இடமும் இல்லை. தாயின் சிறகை எடுத்துக்கொண்டவன் அந்தச் சிறகாகத் தானே ஆகவேண்டியவனாகிறான். விளக்கும் கரிச்சட்டியும் சாக்குப் படுதாவும் அவன் குஞ்சுக்குப் போடும் பிச்சையல்ல. எடுத்ததற்கு ஈடு.

நம் முன்னோர்கள் இதையெல்லாம் எண்ணாமல் போகவில்லை. டமாஸ்கஸில் வாழ்ந்து பின்னர் கெய்ரோவுக்குப் பெயர்ந்து 1262-இல் மறைந்த ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தனியே எடுத்தெழுதினார். பயன்தராத அளவுக்கு முதுமையோ நோயோ அடைந்தாலும் தீனி போட வேண்டும். தங்குமிடத்தைச் செம்மையாக வைக்க வேண்டும். குட்டிகளைத் தாயின் கண்முன் அறுக்கக் கூடாது. அறுத்தால் நன்முறையில் அறுக்க வேண்டும் என்று அது செல்கிறது. உரிமை என்ற சொல்லைக் கவனிக்க. தர்மம் என்றோ பெருந்தன்மை என்றோ அவர் எழுதவில்லை. ஷாஃபி நூல்களில் தேனீயைப் பற்றிய விதியொன்று இதைவிடச் சுவையானது. கூட்டிலிருந்து தேனை எடுப்பவர் ஈக்களின் தேவைக்கு ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும். குளிர்காலமாகி அவை வெளியே போக முடியாதிருந்தால் இன்னும் கூடுதலாக விட வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு கோழியைச் சுட்டு அடைவாசலில் தொங்கவிடலாம் என்று ஒரு கருத்தையும் அந்நூல்கள் குறிக்கின்றன. ஈ கோழி தின்னுமா என்பது இருக்கட்டும். குளிர்காலம் வந்தால் வளர்ப்பவன் கடமை கூடும் என்பதை எழுநூறாண்டுக்கு முன்னரே சட்டமாக எழுதிவைத்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு வளர்ப்பவருடையவை. வளர்ந்த கோழியின் எடைக்கு ஏற்பக் கிலோவுக்கு இவ்வளவென்று கூலி. 1984-இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் அடுத்த சில ஆண்டுகளில் கொங்குப் பகுதியில் இம்முறையைப் பரப்பியது. பல்லடமும் உடுமலையும் கறிக்கோழிக்குப் பேர்பெற்றன. அங்கிருந்து இது தென்கோடி வரை வந்திருக்கிறது. மழை பொய்த்த காட்டுக்காரர்களுக்கு மாத வருவாய் தந்த ஏற்பாடு இது என்பதை மறுப்பதற்கில்லை. வளர்ப்புக் கூலியை உயர்த்த வேண்டுமென்று வளர்ப்போர் நெடுநாளாகக் கேட்டு வருவதும் உண்மை. இதில் நாம் காண்பது ஒன்று: குஞ்சைக் குளிரிலிருந்து காக்கும் செலவு, கரியும் மின்சாரமும் இரவு விழிப்பும், வளர்ப்பவன் தலையில் விழுகிறது. கூலி குறையக் குறைய முதலில் மிச்சம்பிடிக்கத் தோன்றுவதும் அந்தக் கரியில்தான். அடைக்கலப் பொருளை வைத்திருப்பவன் தன் கவனக்குறைவால் அது அழிந்தால் பொறுப்பாளி என்பது ஃபிக்ஹின் பாலபாடம். நம் நண்பர் கையில் இருந்தது இரட்டை அமானிதம்: நிறுவனத்தின் பொருள், இறைவனின் படைப்பு. முதலாவதற்கான இழப்பைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதற்குப் பிடித்தம் செய்ய அங்கே யாரும் இல்லை என்பதால்தான் அவர் நம்மிடம் வந்தார் போலும்.

"நஸீபு, விடுங்கள்" என்று அவரிடம் ஊரில் பலர் சொன்னார்களாம். ஆறுதலுக்குச் சொன்னது, குறைகூறவில்லை. ஆனால் நஸீபுக்கும் ஓர் இடமுண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஓராண்டுக்கு மேலான மழை அது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மனிதர்களே மாண்டனர்; தொழுவத்தில் கட்டிக்கிடந்தவை அப்படியே மூழ்கின. அன்று இறந்த கோழிகளுக்காக எவரையும் யாரும் கேட்கமாட்டார்கள். சுருட்டிக் கிடந்த ஒரு சாக்குப் படுதாவையும் அந்த வெள்ளத்தோடு சேர்த்து விதியின் கணக்கில் எழுதினால், விதியின்மீது பொய்ச்சாட்சி சொன்னவராவோம்.

இனி, இலாபத்துக்காகக் காட்டும் பரிவு பரிவாகுமா என்ற கேள்வி. குஞ்சு செத்தால் கூலி போகும். ஆகவே சூடு போடுகிறான். இதில் அறம் எங்கே? செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்று நம்புகிற நாம் இதனை எளிதில் தாண்டிப் போக முடியாது. நமக்குத் தோன்றுவது இது: பரிவும் இலாபமும் ஒரே பாதையில் போகும்வரை இன்னது எது என்று எவராலும் பிரித்தறிய முடியாது; அதனால் குற்றமும் இல்லை. தாய்க்கோழியின் சிறகுக்குள் இருக்கும் குஞ்சுக்குத் தாயின் எண்ணமா முக்கியம், சூடா? இரண்டும் பிரிகிற முச்சந்தி ஒன்று வரும். அங்கேதான் மனிதன் தெரிகிறான்.

அந்த முச்சந்தி குளிர்காலத்தில் அடிக்கடி வரும். சூட்டைக் காக்கப் படுதாவை முழுக்க இறக்கிவிட்டால் எரிபொருள் மிச்சமாகும்; ஆனால் ஈரப்படுக்கையின் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா உள்ளேயே தங்கும். நாம் அத்தகைய கொட்டகைக்குள் ஒருமுறை நுழைந்து கண்ணெரிச்சல் தாளாமல் வெளியே வந்தோம். கோழிகள் உள்ளேயே இருந்தன. மேற்புறத்தைச் சற்றே திறந்து காற்றை விட்டு, இழந்த சூட்டுக்கு இன்னுங்கொஞ்சம் கரி போடுபவரும் உண்டு. பிறகு விற்பனை நாள். பாரம் ஏறியபின் கோழிக்கு என்ன ஆனாலும் வளர்த்தவருக்குக் கவலையில்லை, எடை போட்டாயிற்று. மார்கழிப் பின்னிரவில் திறந்த வண்டியில் கூண்டுகூண்டாக வாடைக்காற்றை எதிர்த்துப் போகின்றன. காலையில் கடைகளுக்குக் கால்கள் கட்டப்பட்டு, இருசக்கர வண்டியின் இருபுறமும் தலைகீழாகத் தொங்கியபடி வருகின்றன. தலை சக்கரத்தை உரசுமோ என்று பின்னால் வருபவர் பதறுவதுண்டு. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தன் பொறுப்பிலுள்ள விலங்குக்குத் தேவையற்ற துன்பம் நேராமல் காப்பதைக் கடமையாக்குகிறது. சமயமுறைப்படி அறுப்பதற்கு அதே சட்டம் விலக்களிக்கிறது. 2017-இல் இந்தியச் சட்ட ஆணையம் முட்டைக்கோழி, கறிக்கோழிகளின் வளர்ப்பையும் போக்குவரத்தையும் பற்றித் தன் 269-ஆம் அறிக்கையை அளித்தது. அறுப்பதற்குக் கிடைத்த விலக்கைத் தொங்கவிடுவதற்கும் கிடைத்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோமோ என்னவோ.

குளிர் பற்றிய பேச்சில் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. கறிக்கோழியின் உடம்பே குளிரைத் தாங்காதபடி ஆக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 1948-இல் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி நடத்தி, மார்புச்சதை மிக்க இனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்து தொடங்கிய தேர்வு நிற்கவேயில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். ஐம்பத்தாறாம் நாளில் முதல் இனம் ஒரு கிலோவுக்கும் குறைவு. இரண்டாவது ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். மூன்றாவது நான்கு கிலோவுக்கு மேல். சதை வளர்ந்த வேகத்துக்கு நெஞ்சமும் நுரையீரலும் வளரவில்லை. குளிரில் உடம்பு கூடுதல் உயிர்வளியைக் கேட்கிறது. இதயம் ஈடுகொடுக்க முடியாமல் தளர்கிறது. வயிற்றில் நீர் கோத்துச் சாகிறது. நாட்டுக்கோழி சிலிர்த்துக்கொண்டு சமாளிக்கும் ஒரு வாடைக்காற்று இதற்கு நெஞ்சுவலியாகிறது. படைப்பை மாற்றுதல் என்று திருமறை கண்டிக்கும் குற்றத்தில் இதனைச் சேர்த்துவிடச் சிலர் விரைகிறார்கள். அத்தனை தூரம் போக நாம் துணியவில்லை. நல்ல வித்தைத் தேர்ந்து வளர்ப்பது உழவும் மேய்ச்சலும் தோன்றிய நாள்தொட்டு உள்ளது. ஆனால் எந்த உடம்பை நாம் வலுவிழக்கச் செய்தோமோ, அந்த உடம்பு வலுவற்றது என்பதையே நம் அலட்சியத்துக்குச் சாக்காகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

எல்லாவற்றையும் வளர்ப்பவர்மேல் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்வதும் நேர்மையன்று. வாரத்தில் இரண்டு நாள் கோழி, வலீமாவில் கோழி, நோன்புக் கஞ்சியிலும் கோழி என்றாகிவிட்ட நம் வீடுகளுக்காகத்தான் அந்தக் கொட்டகைகள். கடையில் நாம் கேட்பது ஒரே கேள்வி: அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் சொன்னாரா? கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அது நாற்பது நாள் வாழ்வின் கடைசி நிமிடத்தைப் பற்றியது. அதற்கு முந்தியதெல்லாம் மார்க்கத்துக்குப் புறம்பானது என்று நம் நூல்கள் சொல்லவில்லை. அசுத்தம் தின்று திரிந்த விலங்கை 'ஜல்லாலா' என்று தனியே பிரித்து, அதனைக் கட்டிவைத்துத் தூய தீனி கொடுத்துத் தேறியபிறகே உண்ண வேண்டும் என்றார்கள். இப்னு உமர் (ரலி) அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்துவைத்ததாகச் செய்தி உண்டு. வாழ்ந்த விதமும் கறியோடு சேர்ந்தே நம் தட்டுக்கு வருகிறது என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. மறுபுறம், கோழி அசுத்தம் தின்றதைப் பார்த்துவிட்டு இனி உண்பதில்லை என்று சத்தியம் செய்த ஒருவரை, பெருமானார் (ஸல்) கோழி உண்டதைத் தாம் கண்டிருப்பதாகச் சொல்லி அபூமூஸா (ரலி) அருகழைத்த செய்தி புகாரியில் வருகிறது. ஆகவே கோழிக்கறியை வெறுத்தொதுக்கும் துறவை நாம் இங்கே பரிந்துரைக்கவில்லை. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்த கடையைத் தேடி ஓடும்போது, அந்தப் பத்து ரூபாய் எந்தக் கொட்டகையின் கரிச்சட்டியிலிருந்து குறைந்தது என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கால்கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவருகிற கடைக்காரரிடம் கூண்டில் கொண்டுவாருங்கள் என்று நாலு பேர் சேர்ந்து சொல்லலாம். அவர் நம் மஹல்லாக்காரர்தானே, சொன்னால் கேட்பார்.

நம் நண்பருக்கு என்ன விடை சொன்னோம் என்று வாசகர் கேட்கக்கூடும். குற்றம்தான் என்றோம். நட்டம் என்று சொல்லி அனுப்பியிருந்தால் அவர் இன்னும் இலேசாகப் போயிருப்பார். ஆனால் அவர் இலேசாகப் போக வரவில்லை என்று நமக்குப் பட்டது. அறியாமல் செய்த பிழைக்கு இறைவன் மன்னிப்பவன். அறிந்தபின் செய்வது வேறு என்றும் சொன்னோம். தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு இரண்டு மார்கழி கழிந்துவிட்டது. மழைக்காலத்தில் குஞ்சு இறங்கினால் முதல் பத்து நாள் அவர் வீட்டில் படுப்பதில்லை. கொட்டகை வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில், தலைமாட்டில் ஒரு கைவிளக்கு, பக்கத்தில் கனன்றுகொண்டிருக்கும் கரிச்சட்டி. சுபுஹுத் தொழுகைக்கு அப்படியே எழுந்து வருவார். கைலியில் உமி ஒட்டியிருக்கும். சென்ற மழையில் ஒருநாள் தொழுது முடித்து வெளியே வரும்போது, இரவு எப்படி என்று கேட்டோம். செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "கரண்டு ரெண்டு மணி நேரம் இல்ல காக்கா. ஆனா ஒண்டல, பரவலாத்தான் கெடந்துச்சுவ."